வீட்டில் நல்ல தண்ணீர் வராத பிள்ளைகள் மைதானத்தில் எப்படி ஆடுவார்கள்?

கேள்வி: வியாசர்பாடி பயிற்சியாளர்

அனைவருக்கும் வணக்கம். வட சென்னை வியாசர்பாடியில் மாலை நேரங்களில் 9 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஊதியமின்றிக் கால்பந்து கற்றுத்தருகிறேன். வருகைப் பதிவேட்டை ஒழுங்காக எழுதி வருவதால் ஒரு விஷயம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆட்டத்தில் ஆசை குறைந்து நின்றுபோகும் பிள்ளைகள் மிகச் சிலரே. பெரும்பாலும், ஒரே தெருவைச் சேர்ந்த நான்கைந்து பேர் ஒரே வாரத்தில் வராமல் போகிறார்கள். வீட்டுக்குப் போய் விசாரித்தால் வாந்தி, பேதி, காய்ச்சல் என்கிறார்கள். அடிபம்பில் தண்ணீர் நாற்றமடித்து வந்ததென்று அக்கம்பக்கத்தாரும் சொல்கிறார்கள். உடம்பு தேறித் திரும்பி வரும்போது, முன்பு ஆட்டம் முழுக்க ஓடிய பையன் கால் மணி நேரத்தில் இடுப்பில் கைவைத்து நிற்கிறான். அவன் பழைய நிலைக்கு வருவதற்குள் அடுத்த சுற்று நோய் வந்துவிடுகிறது.

நாங்கள் ஆடும் மைதானத்தில் குடிநீர்க் குழாய் கிடையாது. பிள்ளைகள் பழைய குளிர்பான பாட்டில்களில் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறார்கள். அந்த பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் அடியில் பழுப்பு நிறத்தில் மெல்லிய வண்டல் படிந்திருப்பது தெரியும். கலங்காமல் மெதுவாகச் சாய்த்து, மேலே உள்ளதை மட்டும் குடித்துவிட்டு, அடியில் இருப்பதைக் கீழே ஊற்றிவிட வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார் என ஒரு சிறுவன் எனக்கு விளக்கினான். பத்து வயதுப் பிள்ளைக்கு இது பழகிப்போயிருக்கிறது. சில பிள்ளைகள் பாட்டிலே கொண்டுவருவதில்லை. கேட்டால் தாகம் இல்லை என்கிறார்கள். பெண் பிள்ளைகள் அணியில் பாதிப் பேர் தண்ணீர் லாரி வரும் நாட்களில் தாமதமாக வருகிறார்கள், அல்லது வருவதே இல்லை.

விவரம் அறிந்தவர்களிடம் மூன்று விஷயங்கள் கேட்க விரும்புகிறேன். இந்தச் சோர்வு தண்ணீரால் வருவதுதானா, அல்லது சாப்பாட்டுக் குறைவை நான் தண்ணீரின் மேல் போடுகிறேனா? ஒரு பயிற்சிக்கு ஒரு பிள்ளைக்கு எவ்வளவு தண்ணீர் தேவை? சுமார் 25 பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான தண்ணீரை, கையிலிருந்து செலவழிப்பவர்களால் தாங்கக்கூடிய விதத்தில், எப்படி ஏற்பாடு செய்வது?

பதில்: ராயபுரம் பகுதியில் பணிபுரியும் குழந்தைநல மருத்துவர்

பயிற்சியாளர் அவர்களுக்கு வணக்கம். உங்கள் பதிவேட்டில் தெரிவதைத்தான் நாங்கள் புறநோயாளிகள் பிரிவில் பார்க்கிறோம். சோர்வு தண்ணீரால் வருகிறதா, சாப்பாட்டால் வருகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். கெட்ட தண்ணீர் சாப்பாட்டையும் உடம்பில் சேரவிடுவதில்லை என்பதால் இவ்விரண்டையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது.

அன்றைய தாகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். உடல் எடையில் சுமார் 2 விழுக்காடு நீர் குறைந்தாலே தொடர்ந்து ஓடும் திறன் இறங்கத் தொடங்குகிறது. 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இது 600 மில்லிதான். காலையிலிருந்து பள்ளியில் சரியாகத் தண்ணீர் குடிக்காமல், ஏற்கெனவே வறண்டு வரும் பிள்ளை ஒரே பயிற்சிக்குள் அந்த அளவை எட்டிவிடலாம். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழிவதால் உடல் குளிர்வதும் குறைகிறது. மேலும், ஆட்ட மும்முரத்தில் இருக்கும் பிள்ளைகள் தேவையான அளவுக்குத் தாங்களாகக் குடிப்பதில்லை. நீங்கள் நிறுத்திக் குடிக்க வைத்தால்தான் குடிப்பார்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் 100 முதல் 250 மில்லி வரையும், அதற்கு மேற்பட்ட வயதினருக்கு மணிக்கு 1 முதல் 1.5 லிட்டர் வரையும் கொடுக்கச் சொல்கிறது. உங்கள் 25 பேரில் 15 பேர் சிறியவர்கள், 10 பேர் பெரியவர்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரப் பயிற்சிக்கு ஏறக்குறைய ஒரு 20 லிட்டர் கேன் முழுவதும் தேவைப்படும். பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு எப்படிக் கட்டாயமோ, அப்படி இந்தக் கேனையும் பயிற்சிப் பொருட்களில் ஒன்றாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2014 உலகக் கோப்பையில் வெப்பம் மிகுந்த ஆட்டங்களை நடுவர் நடுவில் நிறுத்தி வீரர்களைத் தண்ணீர் குடிக்க அனுமதித்ததை உங்கள் பிள்ளைகள் கேள்விப்பட்டிருந்தால், தண்ணீர் கேட்பது பலவீனம் என்ற எண்ணம் அவர்களை விட்டுப் போகும்.

அடுத்தது வயிற்று நோய். அடிக்கடி பேதியாகும் பிள்ளையின் குடலின் உட்சுவர் சேதமடைகிறது. கண்ணுக்குத் தெரியும் பேதி நின்ற பிறகும் உண்ட உணவின் சத்து முழுமையாக உறிஞ்சப்படுவதில்லை. இந்தச் சேதம் பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளில் நேர்ந்தால் வளர்த்தியே குறைகிறது. 12 வயதில் உங்களிடம் வரும் சிறுவன் தன் வயதுக்குக் குள்ளமாக இருப்பதன் காரணம், அவன் தவழ்ந்த காலத்தில் வீட்டில் வந்த தண்ணீராகவும் இருக்கலாம். மாவட்டத் தேர்வுக்குப் போகும்போது உயரமான பிள்ளையைத்தான் முதலில் தொட்டுத் தனியே நிறுத்துகிறார்கள் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

குடற்புழுக்களையும் மறக்கக் கூடாது. கழிவுநீர் தேங்கிய மண்ணில் வெறுங்காலோடு ஆடும் பிள்ளைக்குக் கொக்கிப்புழு பாதத்தின் வழியாகவே உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுகிறது. இரும்புச் சத்து குறைந்து ரத்தசோகை வந்துவிட்டால், தசைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். நீங்கள் சொன்ன, இடுப்பில் கைவைத்து நிற்கும் காட்சி அதிலிருந்தும் வரக்கூடும். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. வழக்கமாகப் பிப்ரவரி 10-ஆம் தேதியும் ஆகஸ்ட் 10-ஆம் தேதியும் அதற்குரியவை. அன்று பள்ளிக்கு வராமல் மாத்திரை தவறியவர்கள் யார் என்று கேட்டு வையுங்கள். எளிதில் மூச்சு வாங்கும் பிள்ளைகளை அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். 12 முதல் 14 வயதில் அது 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகைதான்.

பேதியிலிருந்து எழுந்து வரும் பிள்ளையை உடனே முழு ஆட்டத்தில் இறக்க வேண்டாம். கொதிக்க வைத்து ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில், ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) பாக்கெட்டை முழுமையாகக் கலக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்குவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. கடையில் விற்கும் பழச்சுவைப் பானங்கள் அதற்கு ஈடாகா. மஞ்சள் காமாலை வந்த பிள்ளையை மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை மைதானத்துக்கு அழைக்காதீர்கள்.

பதில்: பெரம்பூர் முன்னாள் வீரர்

ஐயா, மருத்துவர் சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் என் மனத்தில் பட்டதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தலைமுறையில் யாரும் கேன் தண்ணீரைக் கண்டதில்லை. அடிபம்பில் வாய்வைத்துக் குடித்துவிட்டு, வெறுங்காலோடு ஆடி, அதே ஆட்டத்தின் மூலம் ரயில்வேயிலும் துறைமுகத்திலும் வேலைக்குப் போனவர்கள் வட சென்னையில் ஏராளம். பிள்ளைகளிடம் தண்ணீர், நோய் என்று அதிகம் பேசினால் அவர்களே தங்களைப் பலவீனமானவர்கள் என்று எண்ணிக்கொள்வார்களோ என்ற கவலை எனக்கு உண்டு. வசதி குறைவான இடத்திலிருந்து வருபவனுக்கு மன உறுதிதான் மூலதனம். அதைக் குலைக்காமல் என்ன செய்யலாம் என்றும் யோசியுங்கள்.

பதில்: குழந்தைநல மருத்துவர்

பெரியவர் சொன்னதில் உள்ள அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் நமக்கு நினைவில் நிற்பவர்கள் வேலைக்குப் போனவர்கள் மட்டுமே. அவர்களோடு சேர்ந்து ஆடத் தொடங்கி, டைபாய்டிலோ காமாலையிலோ ஒரு பருவத்தை இழந்து, பிறகு மைதானத்துக்கே திரும்பாதவர்களின் பெயர்கள் எந்த அணிப் பட்டியலிலும் இல்லை. அவர்களிடமும் மன உறுதி இருந்திருக்கும். மன உறுதி உள்ள பிள்ளை தாகத்தைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டு ஆடுவான் என்பதால் பயிற்சியாளர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.

பதில்: கொருக்குப்பேட்டை தாய்

வணக்கம் சார். என் மகள் கபடி ஆடுகிறாள். நோயைப் பற்றி டாக்டர் எழுதிவிட்டார். நோய் வராத நாட்களிலும் தண்ணீர் எங்கள் பெண் பிள்ளைகளின் ஆட்டத்தை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதை எழுதுகிறேன்.

ஒரு பிளாஸ்டிக் குடத்தில் ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும். ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டராவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கை வைத்துக்கொண்டால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்குப் 16 குடத்துக்கு மேல் வேண்டும். எங்கள் வீடு மாடியில் இருக்கிறது. நானும் வேலைக்குப் போகிறேன், அவள் அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார். ஆகவே லாரி வருகிற மாலை நேரத்தில் வீட்டில் இருப்பவள் அவள்தான். லாரி நான்கு மணிக்கும் வரும், ஆறு மணிக்கும் வரும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு மைதானத்துக்குப் போய்விட்டால், திரும்பி வரும்போது குடம் வரிசைக்கு வெளியே கிடக்கும். தண்ணீர் தூக்குவதே உடற்பயிற்சிதானே என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரே பக்க இடுப்பில் 15 கிலோவை ஏற்றிக்கொண்டு குறுகிய படிக்கட்டில் ஏறி இறங்கிய பிறகு, அந்தப் பெண்ணால் எதிரணியின் எல்லைக்குள் பாய்ந்து பாடிவர முடியுமா என்று அவர்கள் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். மைதானத்தில் கழிப்பறை இல்லை. இருக்கும் இடங்களிலும் உள்ளே தண்ணீர் வருவதில்லை. அதனால் பெண் பிள்ளைகள் மதியத்துக்குப் பிறகு வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். தாகம் இல்லை என்று உங்களிடம் சொல்லும் பிள்ளைகளில் இவர்களும் இருப்பார்கள். சிறுநீரை அடக்கி அடக்கி என் மகளுக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து, ஒரு போட்டியே கைவிட்டுப் போனது. மாதவிடாய் நாட்களில் கழுவ, துணி மாற்ற வழி இல்லையென்றால் எந்தப் பெண்ணும் மைதானத்துக்கு வரமாட்டாள். கேன் தண்ணீர் ஏற்பாடு செய்வதற்கு முன், அருகில் உள்ள பள்ளியின் அல்லது மாநகராட்சிக் கட்டடத்தின் கழிப்பறையைப் பயிற்சி நேரத்தில் திறந்து வைக்கக் கேட்டுப் பாருங்கள் சார். அது கிடைத்தால்தான் நீங்கள் கொடுக்கும் தண்ணீரை அவர்கள் குடிப்பார்கள்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பாதுகாப்பான குடிநீர், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, விளையாட்டு மைதானம் ஆகிய மூன்றும் ஒரு பள்ளிக்கு வேண்டியவையாகச் சேர்த்தே எழுதப்பட்டிருக்கின்றன. எங்கள் பெண்கள் குழு இதைக் காட்டித்தான் ஒரு பள்ளியில் குழாயைச் சரிசெய்யக் கேட்டோம். நிறைய நடையாக நடந்த பிறகு செய்து கொடுத்தார்கள்.

பதில்: குடிநீர்த் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர், தண்டையார்பேட்டை

அம்மா எழுதியதைப் படித்த பிறகு குழாயைப் பற்றி மட்டும் எழுதுவது போதாது என்று தோன்றுகிறது. ஆயினும் எனக்குத் தெரிந்தது அதுவே.

சென்னைக்கு வரும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து புறப்படும்போது நன்றாகத்தான் இருக்கிறது. புழல் ஏரித் தண்ணீரும், 2010 முதல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அளவுக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் தண்ணீரும் வட சென்னைக்கு வருகின்றன. கெடுவது வழியில்தான். குழாயில் இருபத்துநான்கு மணி நேரமும் அழுத்தம் இருந்தால், விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியே கசியுமே தவிர வெளியில் இருப்பது உள்ளே வராது. சில மணி நேரம் விட்டு, பிறகு நிறுத்தும்போது குழாய் வெறுமையாகிறது. அப்போது தெருவில் ஒருவர் அந்தக் குழாயோடு இணைத்த அடிபம்பை அடித்தாலோ மோட்டார் போட்டு இழுத்தாலோ, பக்கத்தில் ஓடும் பழைய கழிவுநீர்க் குழாயின் கசிவு விரிசல் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. ஒரு தெருவில் நான்கு பிள்ளைகள் ஒன்றாக நோயில் விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம். எனவே தண்ணீர் விட்டவுடன் வரும் முதல் சில நிமிடத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காமல், கழுவுவதற்கு வைத்துக்கொள்ளும்படி எல்லா வீடுகளுக்கும் சொல்லுங்கள்.

ஏரிகள் வறண்டால் இந்த இடைவெளி இன்னும் கூடுகிறது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றி, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்த நிலைமை பலருக்கும் நினைவிருக்கும்.

கேன் வாங்குவதற்குப் பணம் இல்லாவிட்டால், மைதானத்துக்கு அருகே வரும் குடிநீர் வாரியத் தண்ணீரை நீங்களே சோதித்துப் பயன்படுத்த முடியும். குளோரின் சோதனைப் பெட்டி சிறியது, விலையும் அதிகமில்லை. கண்ணாடிக் குழாயில் கோடு வரை தண்ணீர் எடுத்து, அதனுடன் வரும் திரவத்தைச் சொட்டுகளாக விட்டுக் குலுக்கினால், குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாக மாறும். பெட்டியிலேயே உள்ள வண்ணப் பட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். குழாய் முனையில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். நிறமே மாறவில்லை என்றால் அந்தத் தண்ணீரை அப்படியே கொடுக்காதீர்கள்; கொதிக்க வைத்தோ, குளோரின் மாத்திரையை அதன் அட்டையில் அச்சிட்டுள்ள அளவில் போட்டு அரை மணி நேரம் வைத்திருந்தோதான் கொடுக்க வேண்டும். சோதனை முடிந்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுங்கள், யாரும் குடித்துவிடக் கூடாது. பிள்ளைகளில் மூத்தவர்களை விட்டே இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லலாம்; செய்தவர்கள் தங்கள் வீட்டுக் குழாயையும் சோதிப்பார்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. குளோரினும் கொதிக்க வைப்பதும் கிருமிகளைத்தான் கொல்லும். எண்ணெய், ரசாயனம், உப்பு ஆகியவற்றை அவை அகற்றா. 2013-இல் தண்டையார்பேட்டையில் ஆழ்துளைக் கிணறுகளில் எரிபொருள் கலந்து வந்ததை இந்தப் பகுதியினர் அறிவார்கள். ஆகவே மணலி, எண்ணூர், தண்டையார்பேட்டைப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை எவ்வளவு காய்ச்சினாலும், அதில் வாடையோ பளபளப்பான படலமோ தெரிந்தால் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

நாற்றமடித்துத் தண்ணீர் வந்தால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல், குடிநீர் வாரியத்தின் உங்கள் பகுதி டிப்போ அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, எண் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களிடம் இருக்கும் வருகைப் பதிவேடு இதில் பெரிய ஆதாரம். எந்தத் தெருவில் எந்தத் தேதிகளில் எத்தனை பிள்ளைகள் விழுந்தார்கள் என்று பெயர் குறிப்பிடாமல் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால், எந்த இடத்தில் தோண்டிப் பார்க்க வேண்டும் என்பது பொறியாளருக்குப் புரிந்துவிடும். நான் பணியில் இருந்தபோது இப்படிப்பட்ட விவரம் கையில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மழைக்காலத்தில் மைதானத்தில் தேங்கும் நீரைப் பற்றி மருத்துவர் இன்னும் ஒரு வரி எழுதினால் நல்லது.

பதில்: குழந்தைநல மருத்துவர்

பொறியாளர் ஐயா கேட்டதற்காக: வெள்ள நீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால், காலில் உள்ள சிறு வெட்டின் வழியாகவும் எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும். தண்ணீர் வடிந்து தரை காயும் வரை அங்கே ஆட்டம் வேண்டாம். தேங்கிய நீரில் நடந்த பிள்ளைக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆடிய வலி என்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

பதில்: வியாசர்பாடி பயிற்சியாளர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பெரம்பூர் பெரியவர் சொன்ன கவலையை மனத்தில் வைத்து, இதைப் பிள்ளைகளிடம் நோய்ப் பேச்சாகப் பேசாமல், ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் விசில் அடித்து எல்லோரும் குடிக்க வேண்டும் என்பதை ஆட்ட விதியாகவே வைத்துவிடுகிறேன். கேனுக்கான செலவை இரண்டு முன்னாள் வீரர்கள் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டுள்ளார்கள். கழிப்பறைக்காக அருகிலுள்ள பள்ளியின் தலைமையாசிரியரை நாளை பார்க்கிறேன். கொருக்குப்பேட்டை அம்மா கூட வர இயன்றால் பெரும் உதவியாக இருக்கும், அந்தச் சட்ட அட்டவணையின் நகலும் வேண்டும். பெண் பிள்ளைகளின் பயிற்சியை லாரி வராத நாட்களுக்கு மாற்றப் பார்க்கிறேன். அதற்காக, எங்கள் பக்கத்துத் தெருக்களில் லாரி எந்தெந்த நாளில், ஏறத்தாழ எத்தனை மணிக்கு வருகிறது என்பதை அறிந்தவர்கள் தெருப் பெயரோடு இங்கே எழுதுங்கள். குளோரின் சோதனைப் பெட்டி யாரிடமாவது இருந்தால் இரண்டு நாட்களுக்கு இரவல் தாருங்கள். ஐந்து தெருக்களில் சோதித்து முடிவை இதே இடத்தில் பதிகிறேன்.